வதனியின் விண்ணப்பம்

1

பருத்தித்துறையில் மாணவர்களுக்காக ஒரு சஞ்சிகை நடத்தும் பழைய நண்பர் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். கடிதம் வந்து சேர ஏழு கிழமை எடுத்திருந்தது. வழியில் யாரோ பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். “உங்கள் மகள் வைத்தியக் கல்லூரிக்கு எடுபட்டு ஒரு வருடமாகிறது. அங்கே பிள்ளைகள் அதற்கு எப்படித் தயாராகிறார்கள், பெற்றோர் என்ன செய்யவேண்டும் என்று எங்கள் பிள்ளைகளுக்கு உதவும்படி எழுதுங்கள். ஒளிக்காமல் எழுதுங்கள்” என்று கேட்டிருந்தார்.

ஒளிக்காமல் என்பதை அவர் ஒரு பேச்சுக்குத்தான் போட்டிருப்பார். நான் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே ரொறன்ரோவில் பள்ளிக்கூடப் பரீட்சையோடு நேரே மருத்துவத்துக்குப் போக முடியாது. பதின்மூன்றாம் வகுப்பு முடித்து, பல்கலைக்கழகத்தில் மூன்று நான்கு வருடம் உயிரியலோ இரசாயனமோ படிக்கவேண்டும். அந்த வகுப்பில் இருக்கிற பாதிப் பேருக்கும் இதே ஆசைதான். ஆளுக்கு ஆள் குறிப்புக் கொப்பியை ஒளித்துக்கொண்டு படிப்பார்கள். பிறகு ஒரு தனிப் பரீட்சை. புள்ளி மட்டும் போதாது. ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாமல் சேவை செய்திருக்கவேண்டும். ஒரு டொக்டர் நற்சான்றுக் கடிதம் தரவேண்டும். ‘நான் ஏன் வைத்தியராக விரும்புகிறேன்’ என்று சொந்த வாழ்க்கையை வைத்து ஒரு கட்டுரை எழுதவேண்டும். கடைசியில் நேர்முகம்.

என் மகள் வதனி இவை எல்லாவற்றையும் செய்தாள். நான் செய்ததும் இருக்கிறது.

2

கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு கிராமிய ஆஸ்பத்திரியில் பதினொரு வருடம் அப்போதிக்கரியாக, டொக்டருக்கு அடுத்தபடியாக மருத்துவம் பார்க்கிறவனாக, இருந்தவன் நான். டொக்டர் மாதத்தில் இரண்டு தடவை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாட்களில் பிரசவம், பாம்புக்கடி, மலேரியா எல்லாம் நான்தான். அது வயல் பகுதி. மனம் முறிந்தவர்கள் கைக்கு எட்டிய பூச்சிமருந்தைக் குடித்துவிடுவார்கள். ட்ராக்டர் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவார்கள். குழாய் விட்டு வயிற்றைக் கழுவி, அத்ரோப்பீன் ஊசியை அளந்து அளந்து ஏற்றி, வாயில் வடிகிற நீர் காயும்வரை பக்கத்திலேயே இருப்பேன். ஊரில் எல்லாரும் என்னை ‘டொக்டர் ஐயா’ என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் திருத்தவில்லை.

எழுபத்து மூன்றில் மனைவி புவனத்தின் தமையன் கூப்பிட்டு ரொறன்ரோவுக்கு வந்தோம். வதனிக்கு அப்போது ஏழு வயது. ஐந்தாறு வருடம் உழைத்துத் திரும்பிப்போய், சந்திக்குப் பக்கத்தில் வாங்கிவைத்த காணியில் சொந்தமாக ஒரு டிஸ்பென்சரி போடுவதுதான் எண்ணம்.

வந்த புதிதில் என் சான்றிதழைக் கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் கேட்டாள்.

“நீங்கள் டொக்டரா?”

“இல்லை.”

“மருந்தாளரா?”

“மருந்தும் கலந்து கொடுத்தேன்.”

“அப்படியென்றால் தாதியா?”

அவளுடைய படிவத்தில் மூன்று பெட்டிகள் இருந்தன. மூன்றிலும் நான் இல்லை. சான்றிதழைத் திருப்பித் தந்து, “இது என்னவென்று எங்களுக்குத் தெரியாது” என்றாள். ஆறு மாதம் கழித்து ஸ்காபரோவில் ஓர் ஆஸ்பத்திரியில் போர்ட்டராகச் சேர்ந்தேன். நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போய் எக்ஸ்ரேயிலும் சத்திரசிகிச்சை அறையிலும் விடுகிற வேலை.

என் பெயர் தங்கராசா. தகப்பன் பெயர் சாமிநாதர். குடிவரவுப் படிவத்தில் எது முதற்பெயர், எது குடும்பப்பெயர் என்று விளங்காமல், குடும்பப்பெயர்க் கோட்டில் தகப்பன் பெயரை எழுதிவிட்டேன். இருபத்தாறு எழுத்தும் தெரிந்த எனக்கு அந்த இரண்டு கோட்டில் பிசகிவிட்டது. அதனால் சாமிநாதர் சுருங்கி, ஆஸ்பத்திரியில் நான் ‘சாம்’ ஆனேன். சட்டையில் குத்துகிற அட்டையிலும் அதுதான். பள்ளிக்கூடத்தில் மகளை முறைப்படி வதனி தங்கராசா என்று பதிந்தோம். தகப்பனுக்கும் மகளுக்கும் காகிதத்தில் ஒரு சொந்தமும் இல்லாமல் போனது இப்படித்தான்.

தெரிந்தவர்கள் கேட்டால் “ஹொஸ்பிட்டல்ல வேலை” என்பேன். அதற்கு மேல் கேட்கவிடமாட்டேன். வதனி எட்டாம் வகுப்பில் படிக்கும்போது ஒரு நாள், தகப்பனின் தொழிலைப் பற்றி வகுப்பில் பேசவேண்டும் என்று வந்து நின்றாள்.

“ஹொஸ்பிட்டல்ல எண்டு மட்டும் சொல்லு. கட்டில் தள்ளுற கதை அவைக்குத் தேவையில்லை” என்றேன்.

“பொய் சொல்லச் சொல்லுறீங்களா அப்பா?”

“பொய் எங்கையடி? சொல்லாமல் விடச் சொல்லுறன்.”

3

எண்பத்து மூன்று ஜூலையில் கொழும்பில் கலவரம். வானொலியையும் தொலைபேசியையும் விட்டு ஒரு கிழமை நாங்கள் அசையவில்லை. கொழும்பில் இருந்த புவனத்தின் சின்னம்மா குடும்பம் முகாமில் இருப்பதாகத் தெரிந்தது. ஆகஸ்டில் என் தங்கை எழுதினாள்: “அண்ணை, காணியை மறந்துவிடுங்கள். இங்கே வந்து டிஸ்பென்சரி போடுகிற யோசனையையும் விடுங்கள்.”

அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நான் முதலில் பார்த்தது மகளைத்தான். அவளுக்குப் பதினேழு வயது. அதுவரை அவளை அவள் பாட்டில் விட்டிருந்தேன். எப்படியும் திரும்பிப் போகிறவர்கள்தானே என்ற எண்ணம். அவள் பக்கத்து நீச்சல் தடாகத்தில் சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கிக்கொண்டிருந்தாள். ஈரத் தலையோடு பஸ்ஸில் வந்து இறங்குவாள். எந்தப் பிள்ளை இன்றைக்குப் பயமில்லாமல் தண்ணீருக்குள் தலையை விட்டது என்று தாய்க்குச் சொல்லிச் சிரிப்பாள். பாலர் வகுப்பு ஆசிரியையாக வரவேண்டும் என்பது அவளுடைய ஆசை.

“இனிப் போக இடமில்லை. நீ டொக்டராக வேணும்” என்றேன்.

“எனக்கு விருப்பமில்லை அப்பா.”

“உன்ரை விருப்பத்தைக் கேட்கேல்லை.”

அடுத்த சனிக்கிழமையும் அவள் நீச்சல் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டாள். பையைப் பறித்து, நீச்சலுடையை வெளியே எடுத்து, ஊரில் காயக்கட்டு வெட்டிய கத்தரிக்கோலால் அவள் பார்த்துக்கொண்டிருக்க நெடுக வெட்டினேன். அது ரப்பர் கலந்த துணி, சுலபத்தில் வெட்டுப்படவில்லை. நேரம் எடுத்தது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழாமல், நான் வெட்டி முடியும்வரை நின்று பார்த்தாள். பிறகு துண்டுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு அறைக்குள் போய்ப் புத்தகத்தை விரித்தாள். புவனம் என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. மகள் புத்தகத்தை விரித்ததை நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

4

பல்கலைக்கழகத்தில் வதனி சேர்ந்த நாள் முதல் எங்கள் மோர்னிங்சைட் அப்பார்ட்மென்ட் பரீட்சை மண்டபமாகிவிட்டது. தொலைபேசியில் சிநேகிதிகள் கூப்பிட்டால் “வதனி இல்லை” என்று வைத்துவிடுவேன். கொஞ்சக் காலத்தில் ஒருவரும் கூப்பிடவில்லை. உறவுக் கலியாணம், கோயில், பிறந்தநாள் எதற்கும் விடவில்லை. சேதன இரசாயனத்தில் முதல் தடவை புள்ளி குறைந்து வந்தபோது, வீட்டுக்கு வந்திருந்த புவனத்தின் தமையனுக்கு முன்னால் கன்னத்தில் அறைந்தேன். பத்தொன்பது வயதுப் பிள்ளை. “உவளுக்கு மண்டைக்குள்ள ஒண்டுமில்லை. நான் தள்ளுற கட்டிலில கிடக்கிறதுகளுக்கே இதைவிட மூளை இருக்கு” என்றேன். அவள் கன்னத்தைத் தடவவும் இல்லை.

அடுத்த பரீட்சையில் அவள் வகுப்பில் மூன்றாவதாக வந்தாள். அடி வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

இரண்டாம் வருடத்தில் ஆஸ்பத்திரிச் சேவைக்கு எழுதிப்போட்டாள். இரண்டு இடத்தில் கைவிரித்துவிட்டார்கள். எடுத்தது என் ஆஸ்பத்திரிதான். ஊரிலிருந்து எங்கள் சனம் வரத் தொடங்கியிருந்த காலம். மொழி தெரியாமல் அவசரப் பிரிவில் வந்து கிடப்பவர்களுக்கு மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டது. தமிழ் தெரியும் என்று எழுதியபடியால் வதனியைக் கூப்பிட்டார்கள்.

தொடங்குவதற்கு முதல் நாள் பின்னேரம் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே வந்து இருந்தாள்.

“அப்பா, ஒண்டு கேட்கவேணும். ஹொஸ்பிட்டல்ல என்னைக் கண்டா, ப்ளீஸ், தெரியாத மாதிரிப் போங்கோ.”

அடுப்படியில் நின்ற புவனம் திரும்பினாள். “என்னடி கதை இது?”

“எனக்கு அங்க ஒரு டொக்டரின்ரை லெட்டர் வேணும் அம்மா. மற்றப் பிள்ளையளின்ரை பேரன்ட்ஸ் டொக்டர், லோயர். என்னைப் போர்ட்டரின்ரை மகள் எண்டு பார்த்தா அங்கேயே வேலை தேடி வந்தனான் எண்டுதான் நினைப்பினம். அப்பாதானே சொன்னவர், சொல்லாமல் விடுறது பொய் இல்லையெண்டு.”

புவனம் என்னைப் பார்த்தாள். நான் கோபிப்பேன் என்று எதிர்பார்த்தாள்.

“சரி, நான் கதைக்கேல்லை” என்றேன்.

வாக்கைக் காப்பாற்றினேன். செவ்வாயும் வியாழனும் அவள் வருவாள். மஞ்சள் மேலங்கியும் கட்டிய தலையுமாக எதிரே வருவாள். நான் வெறுங்கட்டிலைத் தள்ளிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி போவேன். ஒரு தடவை அவள் கையிலிருந்த காகிதங்கள் கொட்டிவிட்டன. குனிந்து பொறுக்கிக் கொடுத்தேன். “தாங்க் யூ, சேர்” என்றாள். அருமையாகச் சொன்னாள்.

5

எண்பத்து ஏழு மாசி மாதம். வெளியே சரியான பனி. அவசரப் பிரிவுக்கு ஓர் இளைஞனைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். இருபத்து நாலு, இருபத்தைந்து வயதிருக்கும். ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் கோப்பை கழுவுகிற பெடியன், ஊரிலிருந்து வந்து எட்டு மாதம். சத்தியும் வயிற்றோட்டமும், வாந்தி எடுத்து எடுத்துக் களைத்துப்போயிருந்தான். உடம்பெல்லாம் வியர்வை. எக்ஸ்ரேக்குக் கொண்டுபோக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். டொக்டர் ஒரு பக்கம், வதனி மறுபக்கம்.

டொக்டர் நரை விழுந்த மனிதர், அவசரமாகப் பேசுகிறவர். வதனிக்குக் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தவர் அவர்தான். என்ன சாப்பிட்டான் என்று கேட்கச் சொன்னார். அவள் கேட்டாள்.

“மருந்து குடிச்சனான்” என்றான் அவன். வாயிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

வதனி டொக்டரிடம், அவர் ஏதோ மருந்து எடுத்திருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

“சத்தி தொடங்கின பிறகா?”

அவள் தமிழில் கேட்டாள். “இல்லை, முதல்” என்றான் அவன்.

“முதலே வயிறு சரியில்லாமல் இருந்திருக்கிறது. கடைச் சாப்பாடுதான்” என்று டொக்டர் எழுதிக்கொண்டு, என்னை நோக்கிக் கையை அசைத்தார். எக்ஸ்ரே.

ஊரில் ஒருவன் ‘மருந்து குடிச்சிட்டான்’ என்று சொன்னால் காய்ச்சலுக்குக் குடித்தான் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். சாகக் குடித்தான் என்றுதான் அர்த்தம். வீட்டார் ஓடிவந்து படலையில் நின்று கத்துகிற சொல் அது. ஏழு வயதில் வந்த பிள்ளைக்கு அது தெரியாது. வீட்டில் அவள் கேட்ட தமிழ் சோறு, குளிர், படிப்பு, புள்ளி என்று சில சொற்களுக்குள் முடிந்துவிட்டது. அது அவளுடைய பிழை இல்லை.

எனக்குத் தெரியும். அந்தச் சொல் காதில் விழுந்த உடனேயே தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. கதைப்பதில்லை என்று சொல்லியிருந்தேன். டொக்டருக்கு முன்னால் அவளைப் பிழையாக்கினால் கடிதம் போய்விடும் என்பதும் மனதில் ஓடியது. கட்டிலைத் தள்ளத் தொடங்கினேன். கதவு, தாதிமாரின் மேசை, நீண்ட நடைபாதை. அந்த நடைபாதை முழுக்க ஒரு மனிதன் என் கைக்குள் செத்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தும் சும்மா தள்ளினேன். இதை நான் இதுவரை புவனத்துக்கும் சொன்னதில்லை.

எக்ஸ்ரே வாசலில் அவனுடைய கை துடிப்பதைக் கண்டேன். தோல் துடிக்கவில்லை, தோலுக்குக் கீழே சதை புழுப்போல நெளிந்தது. குனிந்தேன்.

“தம்பி, என்ன மருந்து குடிச்சனீர்?”

தமிழைக் கேட்டதும் அவன் கண்ணைத் திறந்தான். கண்மணி இரண்டும் குண்டூசி முனையளவு.

“குசினியில கரப்பானுக்கு அடிக்கிறது அண்ணை… ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

கட்டிலைத் திருப்பிக்கொண்டு ஓடினேன். அந்த வயதில் என்னால் அப்படி ஓட முடியும் என்று தெரியாது. அறைக்குள் புகுந்ததும் டொக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. “யார் உன்னைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னது?” என்றார். நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். பூச்சிமருந்து என்பதற்கும் அத்ரோப்பீன் என்பதற்கும் எனக்கு ஆங்கிலம் இல்லாமல் இல்லை. அவரை விட்டுவிட்டு வதனியைப் பார்த்துக் கத்தினேன்.

“வதனி! பூச்சிமருந்து குடிச்சிருக்கிறானடி! சொல்லு அவருக்கு! கண்ணைப் பார்க்கச் சொல்லு! அத்ரோப்பீன் எண்டு சொல்லு!”

ஒரே மூச்சில் தமிழில் கத்தியதில் டொக்டருக்கு ஒரு சொல்லும் பிரிந்து கேட்டிருக்காது. அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு டொக்டர் பக்கம் திரும்பி, அழகான ஆங்கிலத்தில், நோயாளி பூச்சிக்கொல்லி அருந்தியிருக்கிறார், அவருடைய கண்மணிகளைப் பாருங்கள், அத்ரோப்பீன் தேவைப்படலாம் என்று சொன்னாள். டொக்டர் இமையைப் பிரித்துப் பார்த்தார். அதன் பிறகு அறையில் எல்லாரும் ஓடினார்கள். என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

ஏன் டொக்டரிடம் சொல்லாமல் அவளிடம் சொன்னேன் என்று இன்றைக்கும் என்னால் முடிவு கட்ட முடியவில்லை. போர்ட்டர் சொன்னால் கேட்கமாட்டார் என்று நினைத்தேனா, அல்லது அந்த நேரத்திலும் கடிதத்தைத்தான் நினைத்தேனா.

பெடியன் தப்பினான். நாலாம் நாள் அவனை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனது நான்தான். “இப்ப எப்பிடித் தம்பி?” என்று கேட்டேன்.

“உங்களை நம்பித்தானே அண்ணை சொன்னனான்” என்றான். பிறகு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான். வார்டு வரும்வரை திரும்பவில்லை.

6

எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அனுமதியில்லாமல் நோயாளியைத் திருப்பிக் கொண்டுவந்தது, சிகிச்சை அறையில் அந்நிய மொழியில் தொண்டுப் பணியாளர் ஒருவரைப் பார்த்துக் கத்தியது. மூன்று நாள் சம்பளமில்லாமல் நிறுத்தி வைத்தார்கள். கடிதத்தின் இரண்டாம் பந்தியில் ஒரு வரி இருந்தது: ‘குறித்த தொண்டுப் பணியாளர், இந்த ஊழியரைத் தமக்கு முன்பின் தெரியாது என்று உறுதிப்படுத்தியுள்ளார்.’

மூன்று நாளும் வீட்டில் இருந்தேன். வதனி காலையில் போனாள், மாலையில் வந்தாள், எதிரே இருந்து சாப்பிட்டாள். அந்தக் கடிதத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.

அந்த வருடம் இலையுதிர்காலத்தில் விண்ணப்பம் போடவேண்டியிருந்தது. வாடகைக்கு எடுத்த தட்டச்சு யந்திரத்தை மேசையில் வைத்து ஒரு மாதமாகக் கட்டுரையை அடித்து அடித்துக் கிழித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிறு அவள் குளிக்கப் போயிருந்தபோது, யந்திரத்தில் செருகியிருந்த தாளையும் பக்கத்திலிருந்த இரண்டு தாளையும் எடுத்து வாசித்தேன்.

நல்ல கட்டுரை. ஒரு பனிநாள், ஓர் அகதி இளைஞன், அவன் சொன்ன ஒரு தமிழ்ச் சொல். மற்றவர்களுக்கு விளங்காத அந்தச் சொல்லின் உள்ளர்த்தம் தனக்கு மட்டும் விளங்கியதாக எழுதியிருந்தாள். எப்படி விளங்கியது? வட இலங்கையில் வைத்தியராக இருந்த அவளுடைய தகப்பன், பூச்சிமருந்து குடித்தவர்களுக்குப் பக்கத்தில் விடிய விடிய இருந்ததைச் சிறுமியாகப் பார்த்திருக்கிறாள். அந்தத் தகப்பன் எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் கொல்லப்பட்டார். அவர் விட்ட இடத்திலிருந்து தொடரவே தான் வைத்தியராக விரும்புவதாக முடித்திருந்தாள்.

நான் இரண்டாம் தரம் வாசித்துக்கொண்டிருக்கும்போது ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

“என்னை ஏனடி சாக்கொண்டனி?”

“நான் சாக்கொல்லேல்லை.”

“இதிலை எழுதிக் கிடக்கு.”

“அப்பா, அண்டைக்கு அந்த டொக்டர் கேட்டவர், உனக்கு எப்பிடித் தெரியுமெண்டு. நான், ‘மை ஃபாதர் வோஸ் எ டொக்டர்’ எண்டன். முந்தி டொக்டராய் இருந்தவர் எண்ட அர்த்தத்திலதான் சொன்னனான். அவர் அதை நீங்கள் செத்துப்போனீங்கள் எண்டு எடுத்து, உடன ‘ஐ ஆம் ஸோ ஸொரி’ எண்டிட்டார்.”

“திருத்தியிருக்கலாமே.”

“திருத்தினா, இப்ப என்ன செய்யிறார் எண்டு கேட்பார்.” அவள் குரல் உயரவே இல்லை. “எப்ப நடந்தது எண்டு கேட்டவர். எயிட்டி த்ரீ எண்டு வாயில வந்திட்டுது. அவர் நியூஸ்ல பார்த்தவராம். கண் கலங்கிட்டுது அவருக்கு. அதை லெட்டர்லயும் எழுதப்போறன் எண்டவர். இனி நான் வேற மாதிரி எழுத ஏலாது.”

புவனம் நடந்ததைக் கேட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள். “அப்ப நான் ஆரடி?” என்று கேட்டாள். “இந்தத் தாலியையும் பொட்டையும் என்ன செய்ய? அதையும் ஒருக்கா எழுதிக் கேட்டுச் சொல்லு.”

வதனி தாய் பக்கம் திரும்பவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“நீங்கள் என்னை டொக்டராகச் சொன்னீங்கள். எனக்கு விருப்பமோ எண்டு கேட்கேல்லை. நான் ஆகிறன். எப்பிடி ஆகிறன் எண்டு நீங்களும் கேட்காதேங்கோ.”

எனக்கு அவளை அடிக்கவேண்டும் என்று தோன்றவில்லை. தாளைத்தான் திரும்பப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் நோயாளியின் கண்மணிகள் அகல விரிந்திருந்தன என்று எழுதியிருந்தாள். அது பிழை. அந்த விஷத்துக்குக் கண்மணி சுருங்கும். விரிந்தால் அது வேறு விஷம். வாசிக்கிற எந்த டொக்டரும் அந்த இடத்தில் அவளைப் பிடித்துவிடுவார்.

சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தேன். ‘விரிந்திருந்தன’ என்பதை வெட்டி, ‘குண்டூசி முனையளவு சுருங்கியிருந்தன’ என்று ஆங்கிலத்தில் மேலே எழுதினேன். வடிகிற உமிழ்நீரையும் சதைத் துடிப்பையும் அவள் விட்டிருந்தாள். ஓரத்தில் அவற்றையும் எழுதிக் கொடுத்தேன்.

“உதையும் சேர்த்து அடி” என்றேன்.

அவள் தாளை வாங்கி வாசித்தாள். “தாங்க்ஸ்” என்றாள். பிறகு இருந்து அடிக்கத் தொடங்கினாள். புவனம் அன்றைக்குச் சமைக்கவில்லை.

7

நேர்முகத்தில் அந்தப் பனிநாளைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம். எண்பத்து எட்டு வைகாசியில் தடித்த கடித உறை வந்தது. மெல்லிய உறை என்றால் இல்லை, தடித்தது என்றால் உண்டு என்று இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். வதனி அதை வாசலிலேயே உடைத்து வாசித்துவிட்டு என் கையில் தந்தாள்.

“இந்தாங்கோ அப்பா. உங்கடை.”

அதற்குப் பிறகு ரெக்ஸ்டேலிலிருந்தும் ஸ்காபரோவின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து, “எப்பிடி அண்ணை படிப்பிச்சனீங்கள்?” என்று கேட்டார்கள். நேர அட்டவணை, பாடப்புத்தகங்களின் பெயர் எல்லாம் சொன்னேன். வதனி தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஆவணியில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். புதிய மாணவர்களின் பெற்றோருக்கு ஒரு வரவேற்பு வைத்தார்கள். தாய்க்கு மட்டும் அழைப்பு வந்தது. புவனம் போகவில்லை.

இப்போது வதனி மாதத்தில் ஒரு ஞாயிறு வருகிறாள். சாப்பிடுகிறாள், தாயோடு கொஞ்சம் கதைக்கிறாள், என்னிடம் பிரஷர் குளிசை எடுக்கிறேனா என்று கேட்கிறாள். நான் கேட்ட எல்லாவற்றையும் அவள் தந்துவிட்டாள். வேறெதையும் தரவேண்டும் என்று அவள் நினைப்பதாகத் தெரியவில்லை.

நான் இன்றைக்கும் விடியற்காலை மோர்னிங்சைட்டில் பஸ் எடுத்து அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறேன். அவள் எடுபட்ட அந்தக் கோடையில் ஒரு நாள் சத்திரசிகிச்சை முடிந்த ஒரு கிழவியைக் கட்டிலோடு லிப்டுக்குள் தள்ளிக்கொண்டு நின்றேன். அந்த நரை விழுந்த டொக்டர் ஓடிவந்து ஏறினார். என் அட்டையைப் பார்த்தார்.

“சாம், நீ சிலோன்காரன்தானே? இங்கே தொண்டு செய்த உங்கள் ஊர்ப் பெண்ணை ஞாபகம் இருக்கிறதா? நீகூட ஒரு நாள் அவளைப் பார்த்துக் கத்தினாய்.” சிரித்தார். “அவளுக்கு மெடிக்கல் ஸ்கூல் கிடைத்துவிட்டது.”

“சந்தோஷம், டொக்டர்.”

“கெட்டிக்காரி. அவளுடைய தகப்பனார் இதைப் பார்க்க உயிரோடு இல்லை என்பதுதான் கவலை. அவரும் டொக்டராம். உனக்கு ஊரில் தெரியுமா அவரை?”

லிப்ட் இரண்டாம் மாடியைத் தாண்டிக்கொண்டிருந்தது. கிழவி மயக்கத்தில் முனகினாள்.

“தெரியும், டொக்டர். ஒரே ஆஸ்பத்திரியில் இருந்தோம்.”

“அப்படியா! எப்படிப்பட்ட மனிதர்?”

“வேலையில் கெட்டிக்காரர்” என்றேன். “பிள்ளையோடு நல்லவரில்லை.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். இறந்தவரைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்று நினைத்திருப்பார். மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. நான் கட்டிலை வெளியே தள்ளுமட்டும், பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக, அவர் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.